டிவி லைசென்ஸா, சந்தாவா? பிபிசி கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

பிரிட்டனில் டிவி பார்க்க வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில்தான் (டிவி லைசென்ஸ்) பிபிசி பெரும்பாலும் ஓடுகிறது. அதை விட்டுச் சந்தாவுக்கு மாறலாமா என்ற பேச்சு எடுத்தால் ஐந்து நிமிடத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "நான் பார்க்காத டிவிக்கு நான் ஏன் காசு கட்டணும்?" என்பார் ஒருவர். "எல்லாரும் கட்டினால்தானே எல்லாருக்கும் கிடைக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் கணக்கு இருக்காது. ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், அரை மணி நேரம் இருந்தால் இதை உருப்படியாகப் போட்டுப் பார்த்துவிடலாம். பிபிசி எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு பணம் எப்படி வரும் என்பது அதற்குள் முடிவாக வேண்டும்.

வரிசையை மாற்றிப் போட்டால் கணக்கு தப்பும். இப்போது எதற்குக் கட்டுகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, எந்தக் கதவுக்குப் பூட்டுப் போட முடியும், அதாவது கட்டாதவருக்கு எதைத் தடுக்க முடியும் என்பது. விலை அதற்கும் பிறகுதான். பெரும்பாலானவர்கள் விலையில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

இப்போது எதற்குக் கட்டுகிறீர்கள்

டிவி லைசென்ஸ் என்றால் பிபிசிக்குக் கட்டும் சந்தா என்ற நினைப்பில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. சட்டம் சொல்வது வேறு. எந்தச் சேனலானாலும், எந்தக் கருவியானாலும், ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்க்கவோ பதிவு செய்யவோ உரிமம் வேண்டும். பிபிசியின் இணையப் பார்வைத் தளமான ஐபிளேயருக்கும் வேண்டும். பிறகு எடுத்துப் பார்ப்பதையும் சேர்த்த இந்த விதி 2016 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ், டிஸ்னி பிளஸ், ஐடிவிஎக்ஸ் போன்றவற்றில் வேண்டியபோது எடுத்துப் பார்ப்பதற்கு வேண்டாம். வானொலி உரிமம் 1971-இலேயே ஒழிந்துவிட்டது.

நம் வீடுகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "நாங்க பிபிசி பக்கமே போறதில்லை, தமிழ்ச் சேனல் மட்டும்தான்" என்று உரிமத்தை விட்டுவிடுவார்கள். சென்னையிலிருந்து வரும் சேனலை ஆப்பிலோ பெட்டியிலோ நேரலையாக ஓடவிட்டால் அதற்கும் உரிமம் வேண்டும். அதே சீரியலை மறுநாள் அதே ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். யூடியூபிலும் இதே கோடுதான்: செய்திச் சேனலின் நேரலைக்கு வேண்டும், யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து லைவ் போட்டுப் பேசுவதற்கு வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் நேரடியாக ஒளிபரப்பும் போட்டி என்றால் அதுவும் நேரலைதான்.

2025–26-இல் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு. மாதத்துக்கு 14.54, நாளுக்கு 48 பென்ஸ். கறுப்பு வெள்ளை டிவிக்கு 58.50, ஆம், அப்படி ஓர் உரிமம் இன்னும் இருக்கிறது. 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டு 159-இல் உறைய வைத்தார்கள், அதன்பின் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. ஆகவே உங்கள் தாளில் நீங்கள் கணக்குப் போடும் ஆண்டின் தொகையைப் போடுங்கள்.

முதல் முறை மாத டைரக்ட் டெபிட் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போடுகிறவர் ஆறு மாதத்துக்கு, 2025–26 கணக்கில், தலா 29.08 போவதைப் பார்த்து, தவறாகப் பிடிக்கிறார்கள் என்று நினைப்பார். தவறில்லை. முதல் ஆண்டுத் தொகையை ஆறு தவணையில் முடித்துவிட்டு, ஏழாம் மாதத்திலிருந்து அடுத்த ஆண்டுக்காக 14.54 வீதம் எடுப்பார்கள். அதாவது அரை ஆண்டு முன்பணம் எப்போதும் அவர்களிடம் நிற்கும். மாதச் சந்தாவோடு ஒப்பிடும்போது இதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் தவணைக்கு 1.25 கூடுதல்.

உரிமம் முகவரிக்கு உரியது. ஒரே வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பேர் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும். அறைக்கு ஓர் ஒப்பந்தம் என்றால் அறைக்கு ஓர் உரிமம். வெளியூரில் படிக்கும் பிள்ளை பெற்றோர் வீட்டு உரிமத்தின் நிழலில் பார்க்கலாம், ஆனால் கருவி தன் உள் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜரைச் சுவரில் செருகியபடியே பார்த்தால் அந்த நிழல் போய்விடும். கேட்டால் சிரிப்பு வரும், விதி அதுதான்.

வேண்டாம் என்று முடிவானால் வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துவதோடு விடாதீர்கள். அது மட்டும் போதாது. பாக்கி இருப்பதாகக் கடிதங்கள் வரத் தொடங்கும். கட்டணம் வசூலிக்கும் அமைப்பான டிவி லைசென்சிங்கில் ரத்துக் கேட்டு, உரிமம் தேவையில்லை என்ற அறிவிப்பையும் கொடுத்து, மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் அலுவலருக்கு நீதிமன்றப் பிடியாணை இல்லாமல் உள்ளே வர உரிமை இல்லை. உரிமமில்லாமல் பார்த்தது நிரூபணமானால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும், அதுவும் குற்றவியல் வழக்காக. வழக்கில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் கதவைத் திறப்பது யாரோ அவர் பெயரில் வழக்கு வருவது இதற்கு ஒரு காரணம். உரிமக் கட்டணத்துக்கு எதிரான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான்; "நான் பார்ப்பதில்லை" என்பது அல்ல. பார்க்காதவர் வெளியேற இப்போதே வழி இருக்கிறது. 2024–25-இல் ஏறக்குறைய 36 லட்சம் வீடுகள் அப்படி அறிவித்து வெளியே நின்றன.

பூட்டு எங்கே மாட்டும்

சந்தா என்றால் கட்டாதவருக்குப் படம் தெரியக்கூடாது. தாளில் பிபிசி வீட்டுக்குள் வரும் வழிகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் "பூட்டலாம்", "பூட்ட முடியாது" என்று குறியுங்கள்.

ஐபிளேயர்: பூட்டலாம். 2017 முதல் கணக்குத் தொடங்கித்தான் உள்ளே போக முடியும். உள்ளே போனதும் "டிவி லைசென்ஸ் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி வரும். "இருக்கிறது" என்று தட்டினால் படம் ஓடும். உரிம எண்ணை யாரும் கேட்பதில்லை. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் தயாராக இருக்கிறது, சாவி கேட்கும் ஆள்தான் இல்லை.

கூரை ஆண்டெனா வழியாகச் சந்தா இல்லாமல் வரும் ஃப்ரீவியூ: இங்கேதான் சந்தாத் திட்டங்கள் இடறுகின்றன. வரவேற்பறை டிவியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ பாருங்கள். பழைய லேப்டாப்பில் அட்டை செருகும் இடம் போல நீளமாக, மெலிதாக ஒரு பிளவு இருக்கலாம். "காமன் இன்டர்ஃபேஸ்" என்று அருகே அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு மாட்யூலைச் செருகி, அதற்குள் சந்தா அட்டையைச் செருகினால் பூட்டிய சேனல் திறக்கும். டிவியில் அது இருந்தாலும், தனியாக வாங்கி வைத்த ஃப்ரீவியூ பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கிடையாது. பூட்டுப் போடும் நாளில் அந்தப் பெட்டிகள் பிபிசியைப் பொறுத்தவரை வெறும் டப்பா. அடுக்களை டிவி, பாட்டியின் அறை டிவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாட்யூல், ஓர் அட்டை என்ற செலவையும் எழுதுங்கள்.

இது தெரியாமல் நடந்ததல்ல. 1986-இல், பிபிசிக்குப் பணம் எப்படி வர வேண்டும் என்று ஆராய அரசு அமைத்த பீகாக் குழு, நாளடைவில் சந்தாவுக்குப் போகலாம் என்று சொல்லி, 1988 தொடக்கத்திலிருந்து விற்கும் புது டிவி எல்லாவற்றிலும் பூட்டிய படத்தைத் திறக்கும் குறிநீக்கிப் பெட்டியை இணைக்க வசதியான சாக்கெட் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைக் கட்டாயமாக்கவில்லை. 2002-இல், கட்டணச் சேவையான ஐடிவி டிஜிட்டல் மூழ்கிய இடத்தில் ஃப்ரீவியூ வந்தபோது, பூட்டில்லாத மலிவுப் பெட்டிகள்தான் கடையில் குவிந்தன. 2003-இல் பிபிசி செயற்கைக்கோள் ஒளிபரப்பிலும் பூட்டை எடுத்துவிட்டது.

வானொலிக்கு எஃப்எம்-இலும் டிஜிட்டல் ஒலிபரப்பான டிஏபி-யிலும் பூட்டு மாட்ட நடைமுறையில் வழியே இல்லை. சந்தா பேசுகிறவர்கள் வானொலியை மறந்துவிடுவது வழக்கம். டிவிக்கு வசூலிக்கும் பணத்தில்தான் அதுவும் ஓடுகிறது.

ஆண்டெனா ஒளிபரப்புக்கு 2034 வரை உறுதி இருக்கிறது. நேரலைச் சேனல்களை இணையத்தில் தரும், 2024-இல் வந்த ஃப்ரீலி போல எல்லாம் இணையம் வழியாக மாறிவிட்டால் எல்லாக் கதவுக்கும் பூட்டு மாட்டலாம். அதனால் இன்றைக்கு வரும் விடையும் 2035-க்கு வரும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டுக்குக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைத் தாளின் தலையில் எழுதிவிடுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்களை அப்போது எங்கே வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து.

விலைக் கணக்கு

2024–25-இல் உரிமக் கட்டணமாக வந்தது சுமார் 380 கோடி பவுண்டு. கட்டியவை சுமார் 2 கோடியே 38 லட்சம் உரிமங்கள். பிபிசியின் மொத்த வருமானத்தில் இது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி நிகழ்ச்சி விற்பனை போன்ற வணிக வரவு. அதைத் தொடாமல் 380 கோடியை மட்டும் சந்தாவால் நிரப்புவோம். வகுத்தல் மட்டும்தான் வேலை:

2.38 கோடிப் பேர் கட்டினால் ஆண்டுக்கு 160 பவுண்டு, மாதம் 13.30.
1.8 கோடி என்றால் ஆண்டுக்கு 211, மாதம் 17.60.
1.4 கோடி என்றால் 271, மாதம் 22.60.
1 கோடி என்றால் 380, மாதம் 31.70.

இத்தோடு நிறுத்துகிறவர்கள் மூன்று இடத்தில் தப்பு விடுகிறார்கள்.

ஒன்று, வாட் (மதிப்புக் கூட்டு) வரி. உரிமக் கட்டணத்தின் மேல் வாட் கிடையாது. சந்தாவுக்கு 20% உண்டு. 17.60 என்பது வீட்டு வாசலில் 21.10 ஆகும், 22.60 என்பது 27.10 ஆகும், 31.70 என்பது 38 ஆகும். கூடுவது அரசுக்குப் போகிறது, பிபிசிக்கு ஒரு பென்னி வராது. உங்கள் தாளில் வாட்டுக்கு முன், வாட்டுக்குப் பின் என்று இரண்டு நெடுவரிசை வையுங்கள். மாதம் 14.54-ஐ வாட்டுக்குப் பிந்தைய தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு, தலை எண்ணிக்கை. ஜூன் கடைசியில் விம்பிள்டனுக்காகச் சேர்ந்து ஜூலையில் விலகுகிறவர் முழுச் சந்தாதாரர் அல்லர். ஆறு பேர் ஆளுக்கு இரண்டு மாதம் கட்டினால் சேர்த்து ஒரு சந்தாதாரர். மேலே உள்ள 1.4 கோடி ஆண்டு முழுவதும் சராசரியாக நிற்க வேண்டிய எண்ணிக்கை. மாதத்துக்கு 3% பேர் விலகுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: மாதம் 4.2 லட்சம், ஆண்டுக்கு 50 லட்சம் பேரைப் புதிதாகவோ திரும்பவோ சேர்த்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். அதற்கு விளம்பரம், முதல் மாதம் இலவசம், வாடிக்கையாளர் சேவை என்று செலவு. 3% என்பது உதாரணத்துக்குத்தான். 2, 5 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், விலை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும்.

மூன்று, செலவு குறையும் என்ற நினைப்பு. மளிகைக் கடைக்கு ஆள் குறைந்தால் சரக்கைக் குறைத்து வாங்கலாம். ஒரு நாடகத்தை எடுக்க ஆகும் செலவு பத்தாயிரம் பேர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் ஒன்றே. ஆகவே விலகியவர்களின் பங்கு, இருப்பவர்களின் தலையில் ஏறும், அல்லது நாடகம் எடுக்கப்படாது. விலை ஏறினால் இன்னும் கொஞ்சம் பேர் விலகுவார்கள். கணக்கை ஒரு சுற்று போட்டு நிறுத்தாமல், ஏறிய விலையில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று கேட்டு இரண்டாம் சுற்றும் போடுங்கள்.

"பிபிசி இத்தனை பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை" என்பதும் நியாயமான நிலைப்பாடுதான். அப்படியானால் 380-க்குப் பதில் 250 கோடி போடுங்கள்: 1.4 கோடிப் பேருக்கு மாதம் 14.90, வாட் சேர்த்தால் 17.90. அதாவது மூன்றில் ஒரு பங்கை வெட்டிய பிறகும் கட்டுகிறவருக்கு 2025–26-இன் 14.54-ஐ விடக் கூடுதல். இந்த வரியைத் தாளில் எழுதியபின் எதை வெட்டுவீர்கள் என்ற பட்டியலும் எழுத வேண்டும். அது இல்லாமல் 250 என்பது காற்றில் வந்த எண்.

எதிர்த் தட்டிலும் எடை வையுங்கள். உரிமக் கட்டணம் கசியாத குடம் இல்லை. 2024–25-இல் கட்ட வேண்டியவர்களில் சுமார் 12.5% கட்டவில்லை என்பது பிபிசியின் சொந்த மதிப்பீடு. நேரலை பார்ப்பது குறையக் குறைய, உரிமம் தேவைப்படாத வீடுகளும் கூடும். கட்டணத்தை ஏற்றினால் விலகுவோர் கூடுவது இங்கும் நடக்கிறது, மெதுவாக. இதையும் ஐந்து, பத்து ஆண்டுக்கு நீட்டிப் பாருங்கள்: 2.38 கோடி 2 கோடியானால் அதே 380 கோடிக்கு ஆண்டுக்கு 190 பவுண்டு.

பிரிட்பாக்ஸை மட்டும் சான்றாக எடுத்துவர வேண்டாம். ஐடிவியும் பிபிசியும் 2019-இல் பிரிட்பாக்ஸ் என்ற சந்தாச் சேவையைப் பிரிட்டனில் தொடங்கின, மாதம் 5.99. 2024-இல் அது இங்கே தனிச் சேவையாக இல்லாமல் போனது. "பார்த்தீர்களா, சந்தா தோற்றது" என்பார்கள். அதில் இருந்தது பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகள். புதியவை ஐபிளேயரில் அதே வேளையில் கூடுதல் காசில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பிபிசி முழுவதையும் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது.

விற்க முடியாத சரக்கு

சந்தாவுக்கு ஆள் சேர்க்காத, ஆனால் உரிமக் கட்டணத்தில் ஓடும் சேவைகளைத் தனியே எழுதுங்கள்: உள்ளூர் வானொலிகள், வேல்ஸ் மொழிச் சேனல் எஸ்4சி (2022 முதல் அதன் அரசுப் பணம் முழுவதும் உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது), ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் பிபிசி ஆல்பா, இசைக் குழுக்கள், உலக சேவை.

உலக சேவை நமக்கு நெருங்கியது. 1941 மே மாதம் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு தமிழோசையாக வளர்ந்து 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் ஓய்ந்தது. பிபிசி தமிழ் இப்போது இணையத்தில் நடக்கிறது. 2014 வரை உலக சேவைக்கு வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. அதன்பின் பெரும்பகுதி உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது, மேலே அரசு மானியமும் உண்டு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் காசு கொடுக்காமல் அதைப் படிப்பதற்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு வீடு கட்டும் உரிமக் கட்டணத்தில் ஒரு துளி போகிறது. சந்தா வந்தால், லீட்ஸ் வீட்டுக்காரர் தன் மாதப் பணத்திலிருந்து இதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அப்போது அரசு கொடுக்க வேண்டும், அல்லது மூட வேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரேயும் "யார் கொடுப்பது?" என்று ஒரு பெயர் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். சந்தாவை ஆதரிப்பவர் இந்தப் பட்டியலுக்கு அரசு மானியம் என்று எழுதினால் அது ஒரு திட்டம். காலியாக விட்டால் அது வெறும் ஆசை.

நடுவில் இருக்கும் வழிகள்

இரண்டில் ஒன்று என்று கட்டாயம் இல்லை. ஜெர்மனி 2013-இல் டிவி இருக்கிறதா என்று கேட்பதையே விட்டுவிட்டு வீட்டுக்கு ஒன்று என்று மாற்றியது. 2021 முதல் மாதம் 18.36 யூரோ. சோதனைக்கு ஆள் அனுப்பும் தொல்லை ஒழியும், பார்க்காதவர் வெளியேறும் வழியும் அடைபடும். பின்லாந்தும் 2013-இல்தான் வருமானத்தோடு ஏறும் தனி வரியாக மாற்றியது. ஏழை வீட்டுக்கு இதுதான் நியாயம். பிரான்ஸ் 138 யூரோ கட்டணத்தை 2022-இல் ஒழித்து வாட் வரவிலிருந்து பங்கு கொடுக்கத் தொடங்கியது. மக்களுக்குச் சுமை கண்ணில் படாது, ஆனால் பணத்தின் அளவு ஆண்டுதோறும் பட்ஜெட் பேரத்தில் சிக்கும். அரசு கையிலிருந்து நேராகப் பணம் வாங்கும் செய்தி நிறுவனம் அரசைப் பற்றி எப்படி எழுதும் என்ற கேள்வியும் அங்கே வரும்.

கலப்பு வழி கேட்க இனிக்கும்: செய்தி, குழந்தைகள் நிகழ்ச்சி, வானொலி எல்லாருக்கும், நாடகம், விளையாட்டு சந்தாவுக்கு. இதில் பழுது வரும் இடம் எல்லைக்கோடு. சந்தாப் பக்கத்தில்தான் காசு வரும் என்பதால் நல்லவை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகரும். கோட்டை யார் போடுவது, யார் மாற்றலாம் என்பதைச் சாசனத்தில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டில் இலவசப் பக்கத்தில் மிச்சம்தான் இருக்கும். என் கணக்கில், ஆண்டெனா இருக்கும்வரை வீட்டுக்கு ஒன்று என்ற ஜெர்மன் வழி, வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கோடு, குறைந்த ஓட்டையுள்ளது. உங்கள் தாள் வேறு விடை சொன்னால் எந்த வரியில் பிரிகிறோம் என்று பாருங்கள். பெரும்பாலும் அது சந்தாதாரர் எண்ணிக்கை வரியாகத்தான் இருக்கும்.

எழுதி அனுப்ப

உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதலாம், சாசனப் புதுப்பிப்பில் அரசு கருத்துக் கேட்கும் காலத்தில் அதற்கும் பதில் அனுப்பலாம். முகவரியும் அஞ்சல் குறியீடும் கட்டாயம் போடுங்கள்; தங்கள் தொகுதிக்காரர் இல்லை என்றால் எம்.பி. அலுவலகம் கடிதத்தை எடுக்காது. முதல் பத்தியில் எந்த வழி வேண்டும், எந்த ஆண்டிலிருந்து என்று ஒரு வாக்கியம். அடுத்து உங்கள் கணக்கின் நான்கு எண்கள்: மொத்தத் தொகை, கட்டுவோர் எண்ணிக்கை, வாட்டுக்குப் பின் மாத விலை, பூட்ட முடியாத சேவைகளுக்கு யார் கொடுப்பது. மூன்றாவதாக, 75 வயது தாண்டி பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) வாங்குவோருக்கு இப்போது இருக்கும் இலவசமும், கடுமையான பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இருக்கும் பாதிக் கட்டணமும் உங்கள் வழியில் என்ன ஆகும் என்று ஒரு வரி. ஆயத்தக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் அதே போன்ற நூற்றோடு சேர்த்து ஒன்றாக எண்ணிவிடுவார்கள். சொந்தக் கணக்குள்ள ஒரு பக்கம் போதும், கணக்குத் தாளையும் இணைப்பாக வையுங்கள்.